யாருடைய நீர்ப்பரப்பு? தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நீர்விமானத் தளங்களின் எழுச்சியும் முடக்கமும் (1942–2024)

2013ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் அன்றைய கேரள முதல்வர் உம்மன் சாண்டி நீர்விமானச் சேவையைத் தொடங்கிவைத்தார். அங்கிருந்து கிளம்பிய சிறு விமானம் ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் இறங்குவதாக ஏற்பாடு. அது நடக்கவில்லை. மீனவர்கள் வள்ளங்களோடு காயலை மறித்து நின்றார்கள். பயணிகளை ஏற்றிச் செல்லும் சேவையாக அந்தத் திட்டம் அதன்பின் நடக்கவே இல்லை. மிதவைத் துறைகளும் உடைமைகளைச் சோதிக்கும் கருவிகளும் விசைப்படகுகளும் வாங்கிய இடத்திலேயே முடங்கிக் கிடந்தன.

இந்தத் தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. அரசு மீனவர்களிடம் முன்கூட்டியே பேசத் தவறிவிட்டது என்பது ஒன்று. எதிர்க்கட்சி அரசியல் செய்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எண்பது ஆண்டு வரலாற்றை எடுத்துவைத்துப் பார்த்தால் அதற்கும் அடியில் ஒன்று தெரிகிறது. நீர்விமானத் தளத்துக்குத் தேவைப்படுவது அலையடங்கிய, நீளமான, ஆழம் போதுமான நீர்ப்பரப்பு. நம் நாட்டில் அத்தகைய நீர் எங்கே இருந்தாலும் அதற்கு முன்பே உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பட்டா இல்லாத உரிமை அது. வலையாலும் முறையாலும் தலைமுறைப் பழக்கத்தாலும் வந்த உரிமை. அந்த உரிமைக்காரர்களை ஓர் ஆணையால் அப்புறப்படுத்த முடிந்த காலத்தில் தளங்கள் இயங்கின. அது முடியாமல் போன காலத்தில் காயல் தளங்கள் திறந்த நாளிலேயே மூடப்பட்டன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு கடல் விமானத்தைப் பற்றி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். கேரளத்தில் காயல்கள் கைவிட்டபின் திட்டக்காரர்களின் பார்வை அணைகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த நிலையில் சாத்தனூர் போன்ற நீர்த்தேக்கத்தை வைத்திருக்கும் மாவட்டத்துக்கும் இந்த வரலாறு அந்நியமானதல்ல. இறுதிப் பகுதியில் சாத்தனூரை ஓர் அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பறக்கும் படகுகளின் காலம்

விமானத்தின் உடலே படகாக இருப்பது ஒரு வகை. அதைப் பறக்கும் படகு என்றார்கள். சக்கரத்தின் இடத்தில் இரண்டு மிதவைகளைப் பூட்டிக்கொள்வது இன்னொரு வகை. இன்று சுற்றுலாவுக்குப் பயன்படுவது பெரும்பாலும் இரண்டாவது. மிதவையோடு சக்கரத்தையும் சேர்த்து, நிலத்திலும் நீரிலும் இறங்கும்படி செய்த வடிவங்களும் உண்டு.

1930களில் நெடுந்தூர விமானப் பயணம் என்றாலே பறக்கும் படகுதான். நல்ல ஓடுபாதைகள் அரிதாக இருந்த காலம் அது. ஏரியும் ஆறும் துறைமுகமும் செலவில்லாத ஓடுபாதைகளாக வாய்த்தன. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் கீழ்த்திசைப் பறக்கும் படகுகள் கராச்சியிலிருந்து ராஜசமுந்து ஏரி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா என்று இறங்கி இறங்கி ரங்கூன் வழியாகச் சிங்கப்பூருக்குப் போயின. இவற்றில் பல, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் உள்ளே இருப்பவை. நீர்விமானத்துக்குக் கடல் தேவையில்லை என்பது அன்றே தெளிவாகிவிட்டது. தென்னிந்தியா அந்த வழித்தடத்தில் இடம்பெறவில்லை. கராச்சியிலிருந்து சென்னைக்கு 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா தொடங்கிய அஞ்சல் சேவை சக்கர விமானங்களில் நடந்தது.

தெற்கின் நீர்நிலைகளுக்கு இந்த விமானங்களைக் கொண்டுவந்தது போர்.

கொக்கலையும் செங்குன்றமும்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் கண்காணிக்க நெடுந்தூரம் பறக்கும் விமானங்கள் உடனடியாகத் தேவைப்பட்டன. இலங்கையின் தென்முனையில் காலிக்கு அருகே உள்ள கொக்கலைக் களப்பு, திருகோணமலையின் சீனக்குடா, சென்னையை அடுத்த செங்குன்றம் (புழல்) ஏரி ஆகியவை பிரிட்டிஷ் விமானப்படையின் நீர்விமானத் தளங்களாகச் செயல்பட்டன.

கொக்கலையின் கதை விரிவாகச் சொல்லத்தக்கது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள் கனடா விமானப்படையின் 413ஆம் படையணியைச் சேர்ந்த லெனர்டு பிர்ச்சால், தன் கேட்டலினா பறக்கும் படகில் கொக்கலையிலிருந்து கிளம்பித் தெற்கே ரோந்து போனார். பொழுது சாயும் நேரத்தில் இலங்கைக்குத் தெற்கே சில நூறு மைல் தொலைவில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல் படையைக் கண்டார். கம்பியில்லாத் தந்தியில் செய்தி போய்க்கொண்டிருந்தபோதே ஜப்பானியப் போர் விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. விமானத்திலிருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர்பிழைத்துச் சிறைப்பட்டார்கள். மறுநாள் கொழும்பு குண்டுவீச்சுக்கு உள்ளானபோது நகரம் ஓரளவு தயாராக இருந்தது என்றால் அதற்கு அந்தச் செய்தியே காரணம். நான்கு நாள் கழித்துத் திருகோணமலையும் தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

இந்த வீரக் கதை எல்லா நூல்களிலும் இருக்கிறது. அதே களப்பின் கரையில் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தளத்துக்காகக் கொக்கலைக் கிராமத்து மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள இலக்கியத்தின் பெரும் படைப்பாளி மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த ஊர் அது. அவருடைய பூர்வீக வீட்டை விமானப்படை அதிகாரிகள் தங்கள் தேவைக்கு வைத்துக்கொண்டதால் அந்த ஒரு வீடு தப்பியது. இன்று அது நாட்டார் அருங்காட்சியக வளாகத்துக்குள் நிற்கிறது. தென்னிலங்கைக் கடலோரத்தில் கழிநட்டு, அதன்மேல் அமர்ந்து தூண்டில் போடும் முறையும் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டில், மீன்பிடிக்கும் இடங்களில் நெரிசல் மிகுந்தபோது பரவியது என்று கூறப்படுகிறது. இன்று சுற்றுலா விளம்பரங்களில் அழகுக் காட்சியாக வரும் அந்தத் தூண்டில்காரர்களின் வரலாற்றை, கரையில் இடமிழந்தவர்களின் வரலாற்றோடு சேர்த்து ஆராய வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

கொக்கலைக்கு இன்னொரு பெருமையும் வாய்த்தது. 1943 நடுவிலிருந்து 1945 ஜூலை வரை ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் பெர்த் நகரத்துச் சுவான் ஆற்றிலிருந்து கொக்கலைக் களப்புக்கு ஐந்து கேட்டலினாக்களைக் கொண்டு சேவை நடத்தியது. ஜப்பானிய விமானங்களுக்குத் தப்ப, இடையில் எங்கும் இறங்காமல், வானொலித் தொடர்பை அடக்கிக்கொண்டு, விண்மீன்களைப் பார்த்துத் திசை அறிந்து ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் பறந்தார்கள். விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே. காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணி நேரம் ஆனது. ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைப் பயணிகள் பார்த்தார்கள். எரிபொருளின் எடை அவ்வளவு என்பதால் ஒரு தடவைக்கு மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. மொத்தம் 271 முறை கடந்தார்கள், ஒரு விபத்தும் இல்லை. போர் முடிந்ததும் குத்தகை ஒப்பந்த விதிப்படி அந்த விமானங்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

செங்குன்றம் தளத்தைப் பற்றிக் கிடைப்பவை இவ்வளவு வண்ணமயமானவை அல்ல. ஆனால் தமிழ்நாட்டு வரலாற்றுக்கு அது முக்கியம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி அது. அதன்மேல்தான் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் படையணி கேட்டலினாக்களை இறக்கியது. நீர்மூழ்கிகளைத் தேடுவது அன்றாட வேலை. 1944இல் அங்கே உருவான 628ஆம் படையணி, ஜப்பான் பிடித்து வைத்திருந்த கரைகளில் உளவாளிகளை இறக்கும் இரகசியப் பணிகளோடு தொடர்புடையது. அவர்கள் கிளம்பிய ஏரியிலிருந்துதான் சென்னைவாசிகள் குடித்தார்கள் என்பதை இன்று புழலைக் கடந்து போகும் எத்தனை பேர் அறிவார்கள்? போர் ஓய்ந்த அடுத்த ஆண்டே 240ஆம் படையணி கலைக்கப்பட்டது. ஏரி பழையபடி குடிநீர் ஏரியாயிற்று.

போர்க்காலம் உலகெங்கும் ஓடுபாதைகளைப் போட்டுவிட்டுப் போனது. பறக்கும் படகு அதனால் பொருளிழந்தது. பல பத்தாண்டுகள் கழித்து நீர்விமானம் திரும்பி வந்தபோது சுற்றுலாவின் வேடத்தில் வந்தது.

மாலத்தீவு என்னும் முன்மாதிரி

இந்தியாவில் நீர்விமானம் பற்றிப் பேசும் எவரும் மாலத்தீவைச் சுட்டிக்காட்டுவார்கள். உலகின் மிகப் பெரிய நீர்விமானக் கூட்டம் டிரான்ஸ் மால்டீவியன் நிறுவனத்திடம் இருக்கிறது. கனடாவில் வடிவமைத்த ட்வின் ஆட்டர் விமானங்கள் அவை. ஆனால் அங்கே விடுதிகள் எழுந்தது எப்படி என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1972இல் முதல் விடுதி திறந்ததிலிருந்து, ஆளில்லாத தீவைக் குத்தகைக்குக் கொடுத்து, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று வளர்த்தார்கள். பவளத்திட்டுக்குள் அடங்கிய நீர். கரையில் விடுதி தவிர வேறு ஊர் இல்லை. சாலை போட வழியே இல்லாததால் விமானத்துக்குப் போட்டி வேகப்படகு மட்டும்தான். விடுதிக்கு வந்திறங்கும் விருந்தாளியின் கட்டணத்திலேயே விமானச் செலவும் அடங்கிவிடுகிறது.

கேரளக் காயலில் இவற்றில் எது இருக்கிறது? அலையடங்கிய நீர் இருக்கிறது. மற்றவை இல்லை.

காயலில் இடம் யாருக்கு

கேரள அரசின் 2013ஆம் ஆண்டுத் திட்டம் அஷ்டமுடி, புன்னமடை, குமரகம், கொச்சியின் போல்காட்டி, வடக்கே பேக்கல் என்று நீர்த்தளங்களை வரிசைப்படுத்தியது. வரைபடத்தில் பார்த்தால் நேர்த்தியான திட்டம். காயலுக்குள் இறங்கிப் பார்த்தால் வேறு வரைபடம் ஒன்று தெரியும். ஊன்றுகழிகளில் கட்டிய வலைகள், கரையோரச் சீனவலைகள், மட்டி வாருபவர்கள் மூழ்கும் இடங்கள், இறால் ஏறும் பருவத்தில் மட்டும் உயிர்பெறும் ஓடைகள். அஷ்டமுடியும், புன்னமடையை உள்ளடக்கிய வேம்பநாடும் 2002இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. அஷ்டமுடியின் மட்டி மீன்பிடிப்பு 2014இல் இந்தியாவிலேயே முதலாவதாக எம்.எஸ்.சி. என்னும் பன்னாட்டு நிலைத்த மீன்பிடிச் சான்றிதழைப் பெற்றது. நீர்விமானத்துக்கு வெற்றிடமாகத் தெரிந்த அதே பரப்பு, ஓர் ஆண்டு கழித்து, உலகம் ஒப்புக்கொண்ட ஒரு தொழிலின் களமாகப் பெயர் பெற்றது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்கப் பழவேற்காடு உதவும். அந்த ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த ஊரின் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். சண்டை வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கும். வருவாய்த்துறையின் பதிவேட்டில் அந்த நீர் வெறும் 'ஏரி'. பாடு உள்ளவருக்கோ ஒவ்வொரு முழமும் கணக்கு. கேரளக் காயல்களின் முறைகள் வேறானாலும் அடிப்படை ஒன்றே. இறங்கும் விமானத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தடையில்லாத நீர் வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டரில் வலையும் கழியும் வள்ளமும் இருக்கக் கூடாது. சேவை ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் என்று அரசு சொல்லலாம். நட்ட கழியை இரண்டு முறை பிடுங்கி இரண்டு முறை நட முடியாது.

ஆலப்புழை மீனவர்களுக்கு இன்னொரு அனுபவமும் இருந்தது. வீட்டுப்படகுச் சுற்றுலா காயலுக்கு வந்தபோதும் வேலைவாய்ப்பு, வளர்ச்சி என்றுதான் பேசப்பட்டது. படகுகள் பெருகப் பெருக எண்ணெய்ப்படலமும் கழிவும் பெருகின. வலை போடும் இடம் சுருங்கியது. எனவே 2013இல் வள்ளம் எடுத்துக்கொண்டு போனவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று எழுதியது நியாயமில்லை. சுற்றுலா என்ன கொண்டுவரும் என்பதை அவர்கள் ஏற்கெனவே காயலில் பார்த்துவிட்டார்கள். போர்க்காலத்தில் கொக்கலைக்காரர்களுக்கு மறுத்துச் சொல்ல வழி இல்லை. 2013இல் புன்னமடைக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, வாக்கு இருந்தது, அன்று எதிர்க்கட்சியாக இருந்த இடதுசாரிகளின் ஆதரவும் இருந்தது. நீரின் தன்மை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மறுப்புச் சான்றுகள்

மீனவர் எதிர்ப்பு இல்லாத இடங்களிலும் சேவைகள் நின்றுபோயினவே என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தமானுக்காக 2010 டிசம்பர் 30ஆம் நாள் அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் பிரபுல் படேல் தொடங்கிவைத்த 'ஜல் ஹன்ஸ்' சேவை, பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் சிறிய செஸ்னா விமானத்தோடு போர்ட் பிளேயரையும் ஹேவ்லாக்கையும் இணைத்தது. சில ஆண்டுகளுக்குள் முடிந்துபோனது. குஜராத்தில் 2020 அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோடி சபர்மதி ஆற்றுக்கும் கேவடியாவின் வல்லபாய் படேல் சிலைக்கும் இடையே தொடங்கிவைத்த சேவையை ஸ்பைஸ்ஜெட் நடத்தியது. விமானம் மாலத்தீவிலிருந்து வந்த பழைய ட்வின் ஆட்டர். ஒரு மாதத்துக்குள் பராமரிப்புக்காக மாலத்தீவுக்கே திரும்பப் போனது. அது மீண்டும் வந்தது. ஆனால் 2021 ஏப்ரலில் சேவை நின்றது.

இந்த இரண்டும் காட்டுவது பொருளாதாரத் தோல்வி. உப்புநீரில் இறங்கும் விமானத்தை நன்னீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் துரு விடாது. இத்தகைய சுற்றுலாச் சேவையைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே நடத்த முடியும். அலை அதிகமானாலும் இறங்க முடியாது. கண்ணாடிபோல் அசையாத நீரிலோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று விமானிக்குத் தெரியாது, அதுவும் ஆபத்து. பழுதுபார்க்கும் பட்டறை நாட்டில் இல்லாமல் ஒரே ஒரு விமானத்தை வைத்துச் சேவை நடத்தினால், அது பட்டறைக்குப் போகும் நாளெல்லாம் சேவையே இல்லை.

எனவே என் வாதத்துக்கு எல்லை உண்டு. நீரின் உரிமைச் சிக்கல் மட்டுமே எல்லாத் தளங்களையும் மூடியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேவடியாவிலும் நீர் வெற்றிடமாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விமானம் இறங்கவேண்டிய குளத்தில் நூற்றுக்கணக்கான முதலைகள் இருந்தன. 2019 தொடக்கத்தில் வனத்துறை அவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறிடம் கொண்டுபோகத் தொடங்கியது. அங்கே முன்குடியிருந்தவர்கள் சங்கம் வைக்கத் தெரியாதவர்கள், அவ்வளவுதான்.

அணைகளை நோக்கி

2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு நீர்விமானச் சேவைக்கான விதிகளை எளிதாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய ட்வின் ஆட்டர் ஒன்று மூணாறு அருகே மாட்டுப்பட்டி நீர்த்தேக்கத்தில் சோதனையாக இறங்கியது. 2013இல் எதிர்த்த அணியே அப்போது ஆட்சியில் இருந்தது. காயலைத் தவிர்த்து அணைகளை முதன்மைப்படுத்துவதால் மீனவர் பாதிக்கப்பட மாட்டார்கள் என்பது அன்றைய சுற்றுலாத்துறை அமைச்சர் பி.ஏ. முகமது ரியாசின் விளக்கம். அடுத்த சில நாட்களில் வனத்துறையின் எச்சரிக்கை வெளிவந்தது. மாட்டுப்பட்டி நீர்த்தேக்கம் காட்டு யானைகள் கடக்கும் பகுதி, சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட சோலைக்காடுகள். ஆளும் கூட்டணிக்குள்ளேயே மீனவர் சங்கங்கள் மீண்டும் எதிர்ப்புத் தெரிவித்தன. காயலிலிருந்து அணைக்குப் போனதால் கேள்வி தீரவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் மாறினார்கள்.

இங்கேதான் சாத்தனூர் வருகிறது. தென்பெண்ணையின் குறுக்கே காமராசர் ஆட்சியில், 1958இல் கட்டி முடித்த அணை. 119 அடி உயரத்துக்கு, 7,321 மில்லியன் கன அடி நீர் தேக்கலாம். நீளமும் ஆழமும் தேடும் கண்ணுக்கு இது பொருத்தமாகவே படும். ஆனால் இந்த அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. கால்வாய் திறக்கும்போது நீர்மட்டம் இறங்கும், கோடையில் கரை பின்வாங்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் நொடிக்கு ஒரு இலட்சத்து 68 ஆயிரம் கன அடி நீரைத் திறந்துவிட வேண்டிவந்தது. விழுப்புரம், கடலூர் வரை தென்பெண்ணைக் கரை மூழ்கியது. மட்டம் இப்படி ஏறி இறங்கும் நீரில் விமானத்துக்கான துறையை எந்த உயரத்தில் கட்டுவது?

அடுத்து, அந்த நீரில் வாழ்பவர்கள். நீர்த்தேக்கத்தில் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் மேற்பார்வையில் மீன்பிடிப்பு நடக்கிறது. பரிசலில் போய் வலைவிரிப்பவர்களின் பிழைப்பு அது. அணையைப் பார்க்க வருபவர்கள் வறுத்த மீன் சாப்பிடாமல் திரும்புவதில்லை என்ற அளவுக்கு ஊரின் சுற்றுலாவும் அந்த வலைகளை நம்பியிருக்கிறது. முதலைகளும் உண்டு. பண்ணையில் வேலிக்குள் இருப்பவை மட்டும் அல்ல. இவற்றோடு பயணிகள் யார் என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். திருவண்ணாமலைக்கு வரும் கூட்டம் கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தைக் காலால் நடக்க வருகிறது. விடுதிக் கட்டணத்தில் விமானத்தையும் சேர்த்துக் கொடுக்கும் மாலத்தீவுப் பயணி இங்கே வருபவரல்ல.

நீர்த்தளத்துக்கு உரிமம் கேட்பவர் பாதுகாப்பு, உள்துறை, சுற்றுச்சூழல், கப்பல் அமைச்சகங்களின் இசைவைப் பெற வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2018இல் விதி செய்தது. எல்லாமே தில்லியில் இருக்கும் மேசைகள். அஷ்டமுடியிலும் பழவேற்காட்டிலும் மாட்டுப்பட்டியிலும் சாத்தனூரிலும் நீரை அன்றாடம் பயன்படுத்துவோர் வரைந்துதரும் ஒரு வரைபடம், பருவம் பருவமாக, வலை வலையாக, விண்ணப்பத்தின் முதல் தாளாக இருந்திருந்தால் 2013 ஜூன் 2ஆம் நாள் அந்த விமானம் கொல்லத்திலிருந்து கிளம்பும் முன்பே அது இறங்க இடம் இருக்கிறதா என்பது தெரிந்திருக்கும். இனி விண்ணப்பிக்கும் எந்த மாநிலமும் அந்தத் தாளோடுதான் தொடங்க வேண்டும். அதை வரைவதற்கு மீன்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் செலவிட வேண்டியது, ஒரு மிதவைத் துறையின் விலையில் சிறு பங்குதான்.